துண்டுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்: கொழும்பில் மரக்கறிச் சந்தைக்குப் போகிற முறை

நான் ஓய்வு பெற்ற நாலாம் மாதம் மனுசிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. 31 வருடம் கணக்குப் பிரிவில் இருந்து எழும்பிய எனக்கு, வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் எந்த மூலையில் கிடக்கும் என்று கூடத் தெரியாது. அவள் படுக்கையில் இருந்தபடியே மின்சாரக் கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில் 11 சாமான் எழுதித் தந்தாள். நான் முதலாவது கடையிலேயே 11ஐயும் வாங்கிக்கொண்டு கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தேன். கெட்டித்தனமான வேலை என்று நினைத்தேன். அவள் முருங்கைக்காயை மட்டும் கையில் எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, இதை ஒருக்கா முறுக்கிப் பாத்தனீங்களோ?”

பார்க்கவில்லை. அதோடு வெண்டிக்காய் முற்றல், வல்லாரையின் நடுவில் அழுகல், கறிமிளகாய் சூம்பல். 11இல் 6 தேறவில்லை. பிறகு நான் நானாகவே படித்துக்கொண்டதையும், அவளிடம் ஏச்சு வாங்கிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ வந்து இங்கே அறை எடுத்துத் தங்கி, முதன்முதலாகத் தானே சமைக்கிற பிள்ளைகளுக்கு இது உதவும்.

முதலில் எங்கே போவது? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருந்தால் அன்றாடத் தேவைக்குக் காலி வீதியில் இருக்கிற வெள்ளவத்தை மார்க்கெட்டும் அதைச் சுற்றியுள்ள நடைபாதைக் கடைகளும் போதும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் தமிழில் கதைக்கலாம், ஊர் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இராசவள்ளிக்கிழங்கு எல்லாம் இங்கேதான் சுலபமாக அகப்படும். கொட்டாஞ்சேனைக்காரருக்கும் அவர்களுடைய சந்தையைப் பற்றி இதே பெருமை உண்டு, அவர்களோடு நான் வாதாட வரவில்லை.

கிழமைக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குகிறவர் என்றால் நாரஹேன்பிட்டி பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து 141ஆம் இலக்க பஸ், பழைய ஆட்கள் ஹை ஸ்ட்ரீட் என்று சொல்லும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாகப் போகும். ஒரு கூரையின் கீழ் நிறையக் கடைகள், விலை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், நாலு கடை நடந்தால் நாலு விலை தெரியும். புறக்கோட்டைக்குப் போகிறவர் காலி வீதியில் 100 அல்லது 101 பிடிக்கலாம், கடற்கரை ரயிலிலும் போகலாம். அங்கே காய்ந்த சாமான்தான் எனக்கு முக்கியம். நான்காம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும் செத்தல் மிளகாய், பருப்பு, மல்லி, உள்ளி வாங்கினால் பஸ் காசு போகவும் மிச்சம் வரும்.

மெனிங் மார்க்கெட் புறக்கோட்டையில்தான் இருக்கிறது என்று நினைத்து இன்னும் ஆட்கள் அங்கே தேடுகிறார்கள். அது 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போய்விட்டது, களனி கங்கைக்கு அந்தப் பக்கம். அது மொத்த வியாபாரம் நடக்கிற இடம். கால் கிலோ போஞ்சி கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். கோயில் அன்னதானம், வீட்டில் அந்தியேட்டி, கலியாணம் என்று வந்தால் மட்டும் போங்கள், அல்லது மாடிவீட்டில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டையைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள்.

‘விவசாயியிடமே வாங்க வேண்டும்’ என்று என் மகள் சொல்லுவாள். நல்ல ஆசைதான். ஆனால் கொழும்புச் சந்தையில் உங்கள் முன்னால் நிற்கிறவர் பெரும்பாலும் வியாபாரி. வெலிமடையிலோ நுவரெலியாவிலோ பிடுங்கிய கரட்டும், 1999இல் திறந்த தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கைமாறிய பூசணியும் இரவிரவாக லொறியில் வந்து இறங்கும். விடியப்புறம் சில்லறைக் கடைக்காரர் போய் ஏற்றிக்கொண்டு வருவார். தோட்டக்காரரை நேரே காண வேண்டுமென்றால் கொழும்பு 7இல் பழைய குதிரைப் பந்தயத் திடல் பக்கம் சனிக்கிழமைகளில் கூடி வந்த குட் மார்க்கெட் ஒரு வழி. 2012இல் தொடங்கியது, இரசாயனம் போடாத மரக்கறி, பாரம்பரிய அரிசி எல்லாம் கிடைக்கும். எனக்கு அங்கே பிடித்தது, விற்கிறவரிடம் ‘இது எந்த மண்ணில் விளைந்தது’ என்று கேட்டால் பதில் வரும். பிடிக்காதது விலை. ஓய்வூதியக்காரன் மாதத்தில் ஒருமுறை போய் சிவப்பரிசி வாங்கிக்கொண்டு வரலாம்.

நகரத்தின் வெளிப் பக்கங்களில் கிழமைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கூடும் ‘பொல’வையும் மறக்க வேண்டாம். தன் வளவில் காய்த்த பத்து ஈரப்பலாக்காயையும் நாலு வாழைப்பூவையும் சாக்கை விரித்துப் பரப்பி வைத்திருக்கிற ஆச்சியை அங்கேதான் காணலாம். அவரிடம் விலை பேசாதீர்கள்.

சரி, கிளம்பலாம். இரண்டு துணிப்பை வேண்டும், ஒன்று கனமான சாமானுக்கு, மற்றது கீரைக்கும் தக்காளிக்கும். மீன் வாங்குகிற எண்ணம் இருந்தால் மூன்றாவது. என் மாமியாரிடம் ஒரு பனையோலை உமல் இருந்தது, மீனுக்கு அதைப்போல ஒன்று இதுவரை வரவில்லை. தண்ணீர் வடிந்துவிடும், மீன் வெந்து போகாது. காசை 20, 50, 100 ரூபாத் தாள்களாக மாற்றி வையுங்கள். காலை 7 மணிக்கு 5,000 ரூபாத் தாளை நீட்டினால் கீரைக்காரியின் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும்.

நேரம் என்றால் நான் 6.45க்கு அங்கே நிற்பேன். அந்த நேரம் மூட்டைகள் அவிழ்படும், கடைக்காரருக்கும் கதைக்கப் பொழுது இருக்கும். 9 மணிக்குப் பிறகு நல்லதெல்லாம் பொறுக்கப்பட்டு, மிச்சத்தின் மேல் வெயில் ஏறியிருக்கும். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு நேரம் இருக்கிறது, பின்னேரம் 6 மணிக்குப் பிறகு. கடை கட்டுகிற அவசரத்தில் மிஞ்சியதைக் கூறு கட்டி வைப்பார்கள், கத்தரிக்காய் ஒரு கூறு, தக்காளி ஒரு கூறு. அன்றிரவே சமைக்கிறதென்றால் வாங்கலாம். கூறின் மேலே இருக்கிற தக்காளியைப் பார்த்து மயங்காமல் அடியில் கிடப்பதைக் கேட்டுப் பிரட்டிப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் இருப்பவர் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் விரதக்காரர் கூட்டம். கந்தசஷ்டி ஆறு நாளும், புரட்டாசிச் சனியும், பொங்கலுக்கு முந்திய நாளும் வாழைக்காய்க்கும் பூசணிக்கும் வருகிற மவுசைச் சொல்லத் தேவையில்லை. செவ்வாயோ புதனோ போனால் நிம்மதி.

இப்போது முக்கியமான விஷயம். துண்டுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சீட்டில் ‘போஞ்சி அரைக் கிலோ’ என்று இருந்தால் சூம்பிய போஞ்சியையும் வாங்கிவிடுவோம், நான் வாங்கினேன். இப்போது நான் செய்வது இதுதான்: பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்று நடப்பேன். ஒரே மரக்கறி மூன்று கடையில் குவிந்து கிடந்தால் அது வரத்துக் கூடிய சாமான், விலையும் நல்லது, புதிதாகவும் இருக்கும். அதை முதலில் தீர்மானிப்பேன். பிறகு அதற்குத் துணையாக ஒரு கீரை, ஒரு கிழங்கு, குழம்புக்கு ஒன்று. சமையலை அங்கே நின்றுதான் தீர்மானிக்கிறது. தேங்காய், பச்சை மிளகாய், தேசிக்காய், கருவேப்பிலை நான்கும் எப்படியும் வேண்டும், அதற்குச் சீட்டுத் தேவையில்லை.

2024 தொடக்கத்தில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டியபோது இந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. மார்கழி, தை மாதங்களில் மலைநாட்டில் மழை பிடித்தால் கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் ஏறும். அந்த நேரம் கீழ்நாட்டு மரக்கறிக்கு மாறிவிட வேண்டும். நாங்கள் ஒரு மாதம் முழுக்க வாழைப்பூ, பூசணி, பிஞ்சுப் பலாக்காய் என்று ஓட்டினோம். பேரப்பிள்ளை மட்டும் கரட் கேட்டு அழுதது.

வீட்டிலிருந்தே விலையின் போக்கு தெரிய வேண்டுமா? மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை ஒன்றை இணையத்தில் போடுகிறது. புறக்கோட்டை, தம்புள்ளை மொத்த விலையும், நாரஹேன்பிட்டி சில்லறை விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு அது காலைப் பேப்பர் மாதிரி. ஆனால் அதைக் கடைக்காரரிடம் தூக்கிக் காட்டாதீர்கள். ஒருமுறை காட்டினேன். ‘அப்ப ஐயா மத்திய வங்கியிலேயே போய் வாங்குங்கோ’ என்றார்.

இனிப் பார்த்து எடுக்கிற முறை. முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவது போல மெதுவாக முறுக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் எடுக்கலாம். அசையாமல் விறைத்து நின்றால் உள்ளே விதை முற்றி, சதை நாராகிவிட்டது. கையில் துவண்டு தொங்கினால் பழைய காய். நடுத்தர மொத்தம், கரும்பச்சை, விதை மெதுவாகப் புடைத்துத் தெரிகிற காய்தான் குழம்புக்கு.

வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை, அதுதான் பிரச்சினை. நாங்கள் ஒடித்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகிற ஒவ்வொரு காயும் கடைக்காரருக்கு நட்டம். ஒரு பெட்டியில் நாலாவது காயை நான் ஒடிக்கும்போது அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் ஒடித்த நாலையும் எடுத்து என் பையில் போட்டு, ‘நிறுக்கட்டா?’ என்று கேட்டான். அன்றிலிருந்து நுனியை விரலால் லேசாக வளைத்துப் பார்ப்பதோடு சரி. அதிலேயே தெரியும்.

கத்தரிக்காயைக் கையில் தூக்கினால் தோற்றத்தைவிடப் பாரம் குறைவாக இருக்க வேண்டும், பாரமானதில் விதை. காம்பு பச்சையாக இருக்கட்டும். சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். தேசிக்காய் இதற்கு நேர்மாறு, மெல்லிய தோலும் பாரமும் வேண்டும். தேங்காயைக் காதருகே குலுக்கித் தண்ணீர்ச் சத்தம் கேளுங்கள், கண் பக்கம் ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் விட்டுவிடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு வைகாசி முதல் ஆடி வரை காத்திருங்கள். பெயரில் கொழும்பு இருந்தாலும் யாழ்ப்பாணத்து வெயில் பட்டதுதான் இனிக்கும். காம்படியில் மணந்து பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்தவன் நான். நாட்டுக் கிழங்கு, அதாவது வெலிமடை, நுவரெலியாப் பக்கம் விளைந்தது, இறக்குமதிக் கிழங்கைவிடக் கூடிய விலைக்குப் போகும். அதன் அடையாளம் தோலில் ஒட்டியிருக்கிற மண். அதனாலேயே இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைத் தூவிப் பிரட்டி விற்கிற வேலையும் நடக்கிறது. ஒரு நடைபாதைக் கடையில் ‘வெலிமடைக் கிழங்கு ஐயா’ என்று இரண்டு கிலோ கட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பைப்பின் கீழ் பிடித்தேன், ஒரு நிமிடத்தில் பாத்திரத்தில் செம்மண் தண்ணீர், கையில் வெளிர் மஞ்சளாகப் பளபளக்கிற கிழங்கு. இப்போது கடையிலேயே பெருவிரலால் ஒரு தேய் தேய்ப்பேன். தூவிய மண் பவுடர் மாதிரி ஒரே தேய்ப்பில் போய்விடும். கிழங்கோடு வந்த மண் கண்ணின் குழிகளில் இறுகிப் பிடித்திருக்கும். பிறகு நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன், புதுக் கிழங்கின் தோல் மெல்லியதாக உரிந்து வரும். இறக்குமதிக் கிழங்கில் குற்றம் இல்லை, பொரியலுக்கு அது நல்லது. அதன் விலையைக் கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பச்சை பூத்த கிழங்கையும் முளைவிட்டதையும் மலிவு என்றாலும் தொடாதீர்கள்.

கீரைக்கு ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற மரக்கறிக்குக் கடை மாறலாம், கீரைக்கு மாறக்கூடாது என்பது என் கட்சி. எனக்குக் கீரை தருகிற அக்கா சந்தை வாசலில் ஒரு பலகையில் வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை, கங்குன் என்று அடுக்கி வைத்திருப்பார். முதல் இரண்டு மாதம் மற்றவர்களுக்குத் தருகிறதைத்தான் எனக்கும் தந்தார். இப்போது நல்லதில்லாத நாளில் நான் கை நீட்டினால் ‘இண்டைக்கு வேண்டாம் ஐயா’ என்று கையை மறித்துவிடுவார். கட்டு அழகாக இருந்தாலும் அவிழ்த்து நடுவைப் பாருங்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து வைப்பதால் அழுகல் உள்ளேயிருந்துதான் தொடங்கும். ஒரு தரம் உதறினால் எவ்வளவு தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாரஹேன்பிட்டியிலும் பொலவிலும் அஞ்சாறு சிங்களச் சொல் இருந்தால் காலம் ஓடும். ‘மேக்க கீயத?’ என்றால் இது என்ன விலை. ‘பாகயக்’ அரைக் கிலோ, ‘காலக்’ கால் கிலோ. ‘டிக்கக் அடு கரன்ன’ என்றால் கொஞ்சம் குறையுங்கள். இளையவரை ‘மல்லி’ என்றும் மூத்தவரை ‘ஐயே’, ‘அக்கே’ என்றும் கூப்பிட்டால் உச்சரிப்புப் பிழையை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் தம்பி, அண்ணை, அக்கா. பெயர் தெரிந்தாலும் முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

விலை பேசுவதில் எனக்கு ஒரே கொள்கை. கிலோவுக்குப் பத்து ரூபா குறைக்கச் சொல்லி நிற்க மாட்டேன். நாலு சாமானை ஒரே கடையில் எடுத்து, கணக்குப் பார்த்த பிறகு, ‘கருவேப்பிலையும் ரெண்டு மிளகாயும் போடுங்கோ’ என்பேன். போடுவார்கள். பெரிய மொத்தமாக எடுத்தால் மட்டும் முழுத் தொகையில் குறைக்கக் கேட்கலாம்.

தராசைப் பாருங்கள். சாமான் வைக்கும் முன் இலக்கத் தராசில் பூச்சியம் காட்ட வேண்டும், தட்டு வைத்து நிறுத்தால் தட்டின் நிறையைக் கழித்திருக்க வேண்டும். சந்தேகமென்றால் சிரித்துக்கொண்டே ‘ஒருக்காத் தட்டை எடுத்துப்போட்டு வையுங்கோ தம்பி’ என்று கேளுங்கள். மெய்யாகவே மோசடி என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977ஆம் இலக்கத்துக்கு அழைக்கலாம். நான் இதுவரை அழைத்ததில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

பையில் அடுக்குகிற முறையும் இருக்கிறது. கிழங்கு, தேங்காய், பூசணிக்கீற்று அடியில். அதன் மேல் கத்தரி, வெண்டி. தக்காளியும் கீரையும் மற்றப் பையில். வாழைப்பழச் சீப்பைக் கடைசியாக வாங்கிக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், கோழிக்கூட்டுப் பழம் பஸ் நெரிசலில் நசிந்தால் துணிப்பையும் போச்சு. திரும்பும்போது முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கிற காசு சந்தையில் மிச்சம்பிடித்ததைத் தின்றுவிடும் என்பதால் நான் பஸ்தான். ஆனால் போகிற வழியில் ஒரு பிளேன்டீயும் சுடச்சுட ஒரு உளுந்து வடையும் உண்டு, அந்தச் செலவு வீட்டுக் கணக்கில் வராது.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். கொழும்பு ஈரலிப்பில் ஒரு மணித்தியாலத்தில் கீரை வேர்த்துவிடும். எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பி, சொப்பிங் பைகளை அகற்றி, ஈரத்தைக் காயவிடுங்கள். கிழங்கும் வெங்காயமும் வெளியே, ஒன்றாக அல்லாமல் தனித்தனிக் கூடையில். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டுப் போத்தலில் போட்டால் இரண்டு கிழமை நிற்கும். முருங்கைக்காயை மட்டும் மனுசி இன்னும் தானே வாங்கிப் பார்ப்பாள், ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் வைப்பாள்.

வல்லாரை அன்றைக்கே. இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, கடைசித் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்து, வடித்துக் காயவிட்டு, மெல்லிசாக அரியுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துக் கையால் பிசையுங்கள். தேசிப்புளியைப் பரிமாறும்போதுதான் விட வேண்டும், முதலே விட்டால் கீரை கறுத்துவிடும்.